முழம் பூவுக்கு யார் காவல்?

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணிக்குப் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் அன்று மலையைவிடப் பூவைத்தான் அதிகமாகப் பார்த்திருப்பீர்கள். அடிவாரத்துச் சரவணப் பொய்கையில் நீராடிவிட்டு, முந்நூற்று அறுபத்தைந்து படிகளிலும் சாரிசாரியாகப் புஷ்பக் காவடிகள் ஏறும். காவடியைத் தூக்கி வருகிறவர் முகம்கூடத் தெரியாது. மல்லிகையும் சாமந்தியும் தாமே நடந்து போவதுபோல் இருக்கும்.

பூவுக்கும் இந்த மலைக்கும் பழைய சம்பந்தம். இந்திரன் இங்கே ஒரு சுனையில் நீலோத்பலக் கொடியை நட்டு, அதில் பூத்த மலர்களால் முருகனை மூன்று வேளையும் பூஜித்தான் என்கிறது ஸ்தல புராணம். இந்திரனுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. கொடியும் அவனுடையது, சுனையும் அவனுடையது. விலை பேச வேண்டிய அவசியம் இல்லை!

நமக்கு அப்படியா? அடிவாரத்தில் ஓர் அம்மாள் மல்லிகைச் சரம் வாங்குவதைப் பார்த்துக் கொண்டு நின்றேன்.

"ஏம்மா, இது உன் கை முழமா, என் கை முழமா?" என்று கேட்டாள் அவள்.

பூக்காரி சிரித்தாள். "கை ஒண்ணுதாம்மா. பூதான் நாளுக்கு ஒரு விலை விக்குது. விடியக்காலையிலே மண்டியிலே எடுத்தது. பொழுது சாயறதுக்குள்ளே வித்தாகணும். மீந்துபோனா குப்பையிலேதான் கொட்டணும்."

வாங்குகிறவளுக்கு அளவில் சந்தேகம். விற்கிறவளுக்கு நேரத்தில் பயம். இவர்கள் இருவருக்கும் அப்பால், விடியுமுன் செடியிலிருந்து மொட்டைப் பறித்தனுப்பிய விவசாயி ஒருவர் இருக்கிறார். தம் பூ என்ன விலைக்குப் போயிற்று என்பதே பல நாள் அவருக்குப் பிறகுதான் தெரிகிறது. இந்த மூவருக்கும் சட்டம் என்ன செய்கிறது? பூவைக் கவனிக்க சர்க்காரில் யாராவது இருக்கிறார்களா?

தேயிலைக்கு உண்டு, மல்லிகைக்கு?

காலையில் நீங்கள் குடிக்கும் காப்பிக்கு 1942-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு போர்டு உண்டு. தேயிலைக்கு 1953-ல் சட்டம் வந்தது. ரப்பருக்கு 1947, தென்னைக்கு 1979, ஏலக்காய் மிளகு முதலிய வாசனைப் பொருள்களுக்கு 1986. தேயிலைச் சட்டம், அதிகபட்ச விலையையும் குறைந்தபட்ச விலையையும் நிர்ணயிக்கும் அதிகாரத்தையே மத்திய சர்க்காருக்குக் கொடுத்தது.

பூவுக்கென்று அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. அதற்காகப் பூ சட்டத்துக்கு வெளியே இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். நாலைந்து சட்டங்கள் அதை ஆளுக்கொரு காம்பாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

காரணம் அரசியல் சட்டத்தில் இருக்கிறது. விவசாயமும் சந்தையும் மாநிலங்களின் பொறுப்பு. எடையும் அளவும் எப்படி இருக்க வேண்டும் என்று நிர்ணயிப்பதும், வெளிநாட்டு ஏற்றுமதியும் மத்திய சர்க்காரின் பொறுப்பு. திருத்தணிக்காரர்களுக்கு இந்தப் பாகுபாடு நன்றாகப் புரியும். இந்த ஊர் ஆந்திரத்தில் இருந்து, எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இன்றும் சிறிது தூரம் பஸ்ஸில் போனால் ஆந்திரத்து நகரி வந்துவிடும். அங்கே சந்தைகளுக்கு 1966-ஆம் ஆண்டு ஆந்திரச் சட்டம். இங்கே வேறு சட்டம். பூ அதே பூதான்!

மண்டியில் என்ன பாதுகாப்பு?

விவசாயியைத் தராசிலிருந்தும் தரகிலிருந்தும் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் நம் மாகாணத்தில் மிகவும் பழையது. 1933-லேயே சென்னை மாகாணம் இதற்குச் சட்டம் செய்தது. 1936-ல் திருப்பூரில் முதல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் ஏற்பட்டது. அது பருத்திக்காக. இன்று நடைமுறையில் இருப்பது 1987-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு விவசாய விளைபொருள் விற்பனைச் சட்டம்.

இதன்படி அமைக்கப்படும் மார்க்கெட் கமிட்டிக்கு அதிகாரங்கள் உண்டு. வியாபாரிகளுக்கு லைசென்ஸ் கொடுக்கலாம், கட்டணம் வசூலிக்கலாம். அதிகாரத்தோடு கடமையும் உண்டு. சரியான எடைக்கு வழி செய்ய வேண்டும். தகராறு வந்தால் தீர்த்து வைக்க வேண்டும். 'சாம்பிள்' என்றும் 'தள்ளுபடி' என்றும் கண்டபடி பிடித்தம் செய்வதைத் தடுக்க வேண்டும்.

கேட்பதற்கு நன்றாக இருக்கிறதல்லவா? ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது. எந்த விளைபொருள், எந்த வட்டாரம் என்று சர்க்கார் அறிவிக்கை செய்தால்தான் இந்தப் பாதுகாப்பு. நெல்லையும் நிலக்கடலையையும் சாக்கில் கட்டி, நல்ல விலை வரும்வரை கிடங்கில் வைத்திருக்கலாம். மல்லிகை மொட்டை எந்தக் கிடங்கில் வைப்பது? அது சாயங்காலம் மலர்ந்துவிடும். மலருமுன்பே ஈரம் வற்றி எடை குறைந்துகொண்டே வரும். தராசுக்காக ஒரு மணி நேரம் காத்திருந்தால் விவசாயிக்கு அந்த ஒரு மணி நேரமும் நஷ்டம். ஆகவே கிடைத்த கமிஷன் மண்டியில், கிடைத்த விலைக்குப் போட்டுவிட்டு வருவதே பெரும்பாலும் வழக்கமாகிவிட்டது.

பூக்கடையிலிருந்து கோயம்பேட்டுக்கு

பூவின் பெயரைச் சொல்லியே அதைத் தொடும் சட்டம் ஒன்று உண்டு. சென்னையில் பாரிமுனைக்குப் பக்கத்தில் 'பூக்கடை' என்று ஒரு வட்டாரத்துக்கே பெயர். அங்கே நெரிசல் தாங்க முடியாமல் போயிற்று. 1996-ல் கோயம்பேட்டில் பெரிய மார்க்கெட் திறந்தார்கள். அதே ஆண்டில், குறிப்பிட்ட பொருள்களின் மார்க்கெட் எங்கே இருக்க வேண்டும் என்று வரையறுக்கும் சட்டமும் வந்தது. காய்கறி, பழம், பூ ஆகிய மூன்றின் மொத்த வியாபாரமும் குறிப்பிட்ட மார்க்கெட் பகுதியில்தான் நடக்க வேண்டும் என்பது அதன் சாரம். நிர்வாகத்துக்கு ஒரு கமிட்டி. லைசென்ஸ், கட்டணம், மீறினால் தண்டனை எல்லாம் உண்டு. பழைய இடத்தை விட மனமில்லாத பூ வியாபாரிகளின் வழக்கு கோர்ட்டு வரைக்கும் போயிற்று.

இந்தச் சட்டத்தின் பெயரிலேயே அதன் எல்லையும் இருக்கிறது. பூவை எங்கே விற்கலாம் என்று அது சொல்கிறது. விற்றவருக்கு நியாயமான விலை கிடைத்ததா என்று பார்ப்பது அதன் வேலை அல்ல.

கடல் தாண்டும் பூ

நம் மல்லிகை விமானம் ஏறி வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறது. கடல் கடந்த தமிழ்ப் பெண்ணும் தலைக்குப் பூ இல்லாமல் இருப்பாளா? இந்தப் பூவைக் கவனிப்பதற்கு மத்திய சர்க்காரில் 'அபேடா' என்ற அமைப்பு இருக்கிறது. விவசாயப் பொருள்களின் ஏற்றுமதியை வளர்ப்பதற்காக 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஏற்பட்டது. அதன் அட்டவணையில் மலர்களும் அடக்கம். ஏற்றுமதியாளர்களைப் பதிவு செய்வது, தரம் நிர்ணயிப்பது, பெட்டியில் அடைக்கும் முறையைச் சீர்திருத்துவது, புள்ளிவிவரம் சேகரிப்பது, பயிற்சி கொடுப்பது எல்லாம் அதன் கடமைகள். 2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதனால் வேறு ஊர்ப் பூவை மதுரை மல்லி என்று பெயர் சொல்லி விற்க முடியாது.

ஆக, கடல் தாண்டும் பூவுக்குத் தரம் பார்க்கச் சட்டம் ஏற்படுத்திய அமைப்பு உண்டு. திருத்தணி அடிவாரத்தில் உங்கள் கூந்தலுக்கு வரும் பூவுக்கு?

அதற்கு இருப்பது அளவைச் சட்டம். 1956-லேயே நாட்டுக்கு மெட்ரிக் அளவு என்று முடிவாயிற்று. 2009-ஆம் ஆண்டு அளவைச் சட்டமும், அங்கீகரித்த அளவிலேயே விலை சொல்ல வேண்டும் என்கிறது. நீளத்துக்கு மீட்டர், எடைக்குக் கிலோ. முழத்துக்கு அதில் இடமே இல்லை! எந்த இன்ஸ்பெக்டரும் பூக்காரியின் முழங்கையில் முத்திரை குத்த முடியாதல்லவா? அந்த வழக்கம் சட்டத்தின் கண்ணெதிரிலேயே சௌக்கியமாக நடந்து வருகிறது.

ஒரு நாள் வாழும் பொருள்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 1990-ல் வெட்டு மலர்களுக்கென்றே சட்டத்தின் மூலம் ஒரு கமிஷனை அமைத்தது. அதில் கவனிக்க வேண்டிய அம்சம் ஒன்று உண்டு. பூ வளர்ப்பவர்களே அதில் அங்கத்தினர்கள். அவர்களே தங்கள் விற்பனையிலிருந்து பணம் கொடுத்து, விளம்பரத்துக்கும் ஆராய்ச்சிக்கும் செலவிட்டார்கள். பணம் கொடுப்பவரே கணக்கும் கேட்கலாம் என்பது இந்த ஏற்பாட்டின் பலம்.

நமக்கும் அப்படி ஒன்று வேண்டுமா? வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் தேயிலைச் சட்டத்தைப் பார்த்துக் காப்பி அடித்தால் பயனில்லை. தேயிலை மாதக்கணக்கில் காத்திருக்கும். மல்லிகை ஒரு நாள் வாழ்கிறது. ஆகவே அதற்கு வேண்டிய சட்டம் அந்த ஒரு நாளுக்குள் வேலை செய்தாக வேண்டும். பூ வந்த உடனே எடை, எல்லோர் காதிலும் விழும்படி விலை, அன்றைக்கே கையில் பணம், கையெழுத்திட்ட சீட்டு - இந்த நான்கும்தான் கடமை என்று எழுதி வைக்க வேண்டும். வெயில் காலத்தில் பூ மலிந்து பறிகூலிக்கும் கட்டாமல் போகிறது. பனிக் காலத்தில் கிலோ ஆயிரக்கணக்கில் ஏறுகிறது. இந்த ஏற்றத்தாழ்வை எந்தச் சட்டமும் அடியோடு நிறுத்திவிட முடியாது. ஆனால் அதில் தமக்கு வந்த பங்கு எவ்வளவு என்பதாவது விவசாயிக்குத் தெரிய வேண்டாமா?

அடிவாரத்து அம்மாளின் கதையை முடிக்கவில்லையே! பேரம் படிந்தது. பூக்காரி தன் கையாலேயே மூன்று முழம் அளந்து, கொசுறாக ஒரு சாண் விட்டுக் கத்தரித்துக் கொடுத்தாள். அம்மாள் ஒரு துண்டைத் தலையில் சூடிக்கொண்டு, மீதியை முருகனுக்கு என்று இலையில் சுற்றிக்கொண்டு படியேறினாள். அவர்கள் இருவருக்குள் சட்டம் வரவேண்டிய தேவையே ஏற்படவில்லை. மண்டியில் தராசுக்கு முன்னால் கூடையோடு காத்திருக்கும் விவசாயிக்குத்தான் அது வரவேண்டியிருக்கிறது. அடுத்த தடவை சரத்தைக் கையில் வாங்கும்போது, சகோதரிகளே, அந்தக் கூடையையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.