ஒரு பேருக்கு எவ்வளவு?

2019 ஜனவரி 28ஆம் திகதி கொழும்பு அலரி மாளிகையில் மலையகத் தோட்டத் தொழிலாளர்களுக்கான கூட்டு ஒப்பந்தம் கைச்சாத்தானது. அடிப்படைச் சம்பளம் 500 ரூபாயிலிருந்து 700 ரூபாயாகிவிட்டது, இது 40 சதவீத உயர்வு என்றன பெருந்தோட்டக் கம்பனிகள். கூடியது 20 ரூபாய்தான் என்றார்கள் தொழிலாளர்கள். இரண்டு கணக்கும் சரியானவை. இரண்டும் எப்படிச் சரியாக முடியும் என்பது புரிந்தால், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பல ஆண்டுகளாக நடக்கும் சம்பளச் சண்டையின் பாதி புரிந்துவிடும்.

2016 ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 500. அதோடு வருகைக் கொடுப்பனவு 60, உற்பத்தித்திறன் ஊக்குவிப்பு 140, விலைப்பங்கு 30 ரூபாய். எல்லாம் சேர்ந்தால் 730. 2019இல் அடிப்படை 700 ஆனபோது வருகைக்கும் உற்பத்திக்குமான தொகைகள் எடுக்கப்பட்டன. விலைப்பங்கு 50 ஆனது. மொத்தம் 750. முழுக்கொடுப்பனவும் வாங்கி வந்தவருக்குக் கையில் கூடியது 20 ரூபாய். அந்த நாட்களில் தொழிலாளர்களின் கோரிக்கை அடிப்படைச் சம்பளமே 1,000 ரூபாய் என்பதாக இருந்தது. 2018 அக்டோபரில் மலையக இளைஞர்கள் கறுப்பு உடை அணிந்து காலிமுகத்திடலில் திரண்டதும் அதற்காகத்தான்.

'அடிப்படை' என்ற அந்த ஒரு சொல்லுக்காக இரு தரப்பும் ஏன் இவ்வளவு மல்லுக்கட்டுகின்றன? ஊழியர் சேமலாப நிதிக்குக் கம்பனி செலுத்தவேண்டிய 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 சதவீதமும் அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகின்றன. ஓய்வுபெறும்போது கிடைக்கும் பணிக்கொடையும் அப்படியே. நாட்கூலிக்காரருக்கு ஒரு வருடச் சேவைக்கு 14 நாள் சம்பளம் என்கிறது 1983ஆம் ஆண்டுச் சட்டம். வருகைக்கும் ஊக்குவிப்புக்கும் தரும் தொகை இந்தக் கணக்கில் சேராது. ஆகவே கம்பனிக்கு ஒரு ரூபாயைக் கொடுப்பனவாகத் தருவது மலிவு, அடிப்படையில் சேர்ப்பது செலவு. தொழிலாளிக்கோ முதுமைக்கென்று இருப்பதே அடிப்படையிலிருந்து சேரும் பணம்தான்.

கூட்டு ஒப்பந்த முறை தொடங்கியது 1990களின் கடைசியில். 1992இல் அரசுத் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்ட பிறகு, ஒரு பக்கம் முதலாளிமார் சம்மேளனமும் மறுபக்கம் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், இலங்கைத் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், பெருந்தோட்டத் தொழிற்சங்கக் கூட்டுக் கமிட்டி ஆகிய மூன்றும் உட்கார்ந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பேசிக் கையெழுத்திட்டன. ஆனால் சம்பளத்துக்கான போராட்டம் அதைவிட மிகப் பழையது. இந்தியத் தொழிலாளர்களுக்கான குறைந்தபட்சச் சம்பளக் கட்டளைச் சட்டம் 1927இலேயே வந்துவிட்டது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தில் பொலிஸார் சுட்டுக் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்ற நிலை வர 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதை நினைத்தால் அந்தக் காத்திருப்பின் கனம் தெரியும்.

ஒப்பந்த மேசையில் கிடைக்காத 1,000 ரூபாயைக் கடைசியில் சம்பள நிர்ணய சபை கொடுத்தது. 2021 மார்ச்சில் 900 ரூபாய் சம்பளம், 100 ரூபாய் வரவுசெலவுத் திட்டக் கொடுப்பனவு என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின, கூட்டு ஒப்பந்தம் முடங்கியது. அதற்குள் நாட்டின் பொருளாதாரம் கவிழ்ந்தது. அந்த 1,000 ரூபாய் வந்தபோது அதன் பெறுமதி ஐந்து டொலர். 2022 நடுப்பகுதியில் மூன்று டொலர்கூட இல்லை. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டி நின்றது, உணவுப் பொருள்களுக்கு அது 90ஐயும் தாண்டியது. கோதுமை மா ரொட்டியே மூன்று வேளைச் சாப்பாடாக இருக்கும் லயங்களில் அந்த வருடம் எப்படிக் கழிந்திருக்கும் என்பதை எந்தச் சுட்டெண்ணும் சொல்லாது.

அதே ரூபாய் வீழ்ச்சி தேயிலை விலையை ஏற்றியது. கொழும்பு ஏலத்தில் 2021இல் கிலோவுக்குச் சராசரி 620 ரூபாய் அளவில் இருந்த விலை, 2022இல் 1,200ஐத் தாண்டியது. டொலரில் விற்பவருக்கு ரூபாயில் வரவு இரட்டித்தது. ரூபாயில் சம்பளம் வாங்கியவருக்கு எதுவும் நகரவில்லை. ஆனால் இங்கே கம்பனிகளின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அரசு விதித்த இரசாயனப் பசளைத் தடையால் 2022இல் நாட்டின் தேயிலை உற்பத்தி 300 மில்லியன் கிலோ அளவிலிருந்து ஏறக்குறைய 250 மில்லியனுக்குச் சரிந்தது. எரிபொருள், பசளை, பொதி எல்லாமே விலை ஏறின. அவர்களின் வாதம் பொய்யான வாதம் அல்ல. ஆனால் முழுமையான வாதமும் அல்ல.

அவர்கள் சொல்வது இது. ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு நாலரைக் கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். ஒருவர் நாளுக்கு 18 கிலோ பறித்தால் அது தூளாகும்போது நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அண்மைய வருடங்களின் ஏல விலைப்படி 4,500 முதல் 5,000 ரூபாய். அதிலிருந்துதான் பறித்தவருக்கும், களை எடுத்தவருக்கும், கவ்வாத்து வெட்டியவருக்கும், தொழிற்சாலையில் நின்றவருக்கும் சம்பளம் போகவேண்டும். உற்பத்திச் செலவில் 60 சதவீதத்துக்கு மேல் கூலிதான். கென்யாவிலும் தென்னிந்தியாவிலும் ஒருவர் இதைவிடக் கூடுதலாகப் பறிக்கிறார். விலையை நிர்ணயிப்பது ஏலமே தவிர நாங்கள் இல்லை. ஆகவே உற்பத்தித்திறன் கூடாமல் சம்பளம் கூடமுடியாது என்கிறார்கள்.

18 கிலோவுக்கு மேல் ஏன் வருவதில்லை என்று கேட்டால்தான் பேச்சு உண்மைக்கு வருகிறது. கொழுந்து கையில் முளைப்பதில்லை, செடியில் முளைக்கிறது. மலைநாட்டின் பல மலைகளில் நிற்பவை வெள்ளைக்காரத் துரைமார் காலத்து விதைத் தேயிலை. வருடத்துக்கு 2 சதவீதமாவது மீள்நடுகை செய்யவேண்டும் என்பது நெடுநாள் பரிந்துரை. அந்த அளவைக் கம்பனிகள் எட்டவில்லை. புதுச்செடி வைத்தால் பலன் வர வருடங்கள் ஆகும், கம்பனிகளின் குத்தகையோ 2045இல் முடிகிறது. குத்தகைக்காரருக்கு அதில் முதலிட மனம் வருமா? கிழட்டுச் செடியும் காடு மண்டிய மலையும் தரும் குறைந்த கொழுந்தை, பறிப்பவரின் குறைந்த உற்பத்தித்திறன் என்று எழுதுவது நியாயமே இல்லை. முதலீடு செய்யவேண்டியவர் செய்யாத முதலீட்டின் விலையை, கூடை சுமப்பவரின் கூலியில் கழிக்கிறார்கள்.

குறைந்தபட்சச் சம்பளத்தை உயர்த்தினால் வேலை போய்விடும் என்பது பொருளியலின் பழைய எச்சரிக்கை. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் 1992இல் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டொலரிலிருந்து 5.05 ஆக்கியபோது, டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் அங்குள்ள துரித உணவகங்களைப் பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வேலைவாய்ப்பு குறைந்ததற்கான சான்று அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த ஆய்வை மறுத்தவர்கள் உண்டு, விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனாலும் கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. வேலை தருபவர் ஓரிடத்தில் ஒருவரே என்றால் கூலி இருக்கவேண்டிய அளவுக்குக் கீழே அழுத்தப்பட்டே இருக்கும், அதை உயர்த்துவதால் வேலை குறையவேண்டியதில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று.

தோட்டத்தைவிட அந்த விளக்கத்துக்குப் பொருத்தமான இடம் வேறு எங்கே இருக்கிறது? வேலை தருபவர் தோட்டம். குடியிருக்கும் லயமும் தோட்டத்தின் காணியில். வேலையை விட்டால் வீட்டு உரிமையே கேள்விக்குள்ளாகும் என்ற பயம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. அப்படியிருந்தும் ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். கம்பனிகள் பொறுப்பேற்ற காலத்தில் 3 லட்சத்தைத் தாண்டியிருந்த தொழிலாளர் தொகையில் இன்று பாதிகூட இல்லை. பிள்ளைகள் கொழும்பில் கடைகளுக்கும், ஆடைத் தொழிற்சாலைகளுக்கும், மத்திய கிழக்குக்கும் போகிறார்கள். சம்பளம் கூடினால் வேலை போகும் என்று எச்சரித்துக்கொண்டிருந்த காலத்தில், சம்பளம் கூடாததால் ஆட்கள் போய்விட்டார்கள்.

இனி, ஏட்டில் உள்ள தொகை லயத்துக்கு வந்து சேரும் விதம். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று கணக்கு. நிர்வாகம் வைத்த அளவுக்குக் கொழுந்து இருந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர், அல்லது பறித்த கிலோவுக்கு மட்டும் காசு. அந்த அளவு தோட்டத்துக்குத் தோட்டம் வேறு. 1,000 ரூபாய் வந்த பிறகு பல தோட்டங்களில் அளவு 20 கிலோவுக்கு மேலே ஏற்றப்பட்டது, வேலை நாட்கள் குறைக்கப்பட்டன என்று சங்கங்கள் முறையிட்டன. நிறுக்கும்போது ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கழிக்கும் கிலோக்கள் தனி. பிறகு சம்பளத்திலிருந்து சேமலாப நிதி, சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், கோயில் காசு என்று கழிவுகள் வரிசையாக வரும்.

நாட்டின் தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து மாதம் 30,000 ரூபாய், நாளுக்கு 1,200. 2024இல் நிர்ணயிக்கப்பட்ட தோட்டத்தின் 1,350 ரூபாய் நாட்சம்பளம் இந்த 1,200ஐவிட அதிகமாகத்தான் இருந்தது. ஆனால் 22 பேர் முழுசாகப் போட்டாலும் அதில் 29,700 ரூபாய்தான் வந்தது. 15 பேர் என்றால் 20,250. நாட்கணக்கில் சட்டத்துக்கு மேலே நின்ற சம்பளம், மாதக் கணக்கில் அதற்குக் கீழே விழுந்தது. அரிசிக் கடைக்காரரும் பள்ளிக்கூட வேன்காரரும் மாதக் கணக்கில்தான் காசு கேட்கிறார்கள்.

1,350 வந்த வழியையும் பார்ப்போம். 2024 மே தினத்தன்று கொட்டகலையில் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 1,700 ரூபாய் அறிவித்தார்: 1,350 அடிப்படை, 350 கொடுப்பனவு. கம்பனிகள் வழக்குத் தொடுத்தன, ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டம்பரில், ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில நாட்கள் முன், 1,350 மட்டும் வர்த்தமானியில் வந்தது. அடுத்து வந்த ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க 2025 நவம்பர் 7ஆம் திகதி சமர்ப்பித்த வரவுசெலவுத் திட்டத்தில் புதிய வழி ஒன்றை முன்வைத்தார். நாட்சம்பளத்தைக் கம்பனிகள் 1,550 ஆக்க வேண்டும், வருகை ஊக்குவிப்பாக அரசாங்கம் 200 ரூபாய் தரும், மொத்தம் 1,750. இதற்கு 5,000 மில்லியன் ரூபாய் ஒதுக்கப்பட்டது.

அந்த 200 ரூபாயை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது ஒரு வீட்டின் ஒருவேளை உணவு. ஆனாலும் இரண்டு கேள்விகளைக் கேட்காமல் விடமுடியாது. தனியார் கம்பனியின் கூலியில் ஒரு பகுதியைப் பொதுப்பணத்திலிருந்து கொடுக்கத் தொடங்கினால், அடுத்த உயர்வு கேட்கும்போது கம்பனி யாரைக் கைகாட்டும்? ஒரு வரவுசெலவுத் திட்டம் தந்ததை இன்னொன்று நிறுத்தினால் அந்தத் தொழிலாளி யாரிடம் போவார்? அடுத்தது, 2019இல் நீங்கிய வருகைக் கொடுப்பனவு வேறு கையால் திரும்பி வந்திருக்கிறது. வேலை நாட்களைத் தீர்மானிப்பது நிர்வாகம். அது வேலையே கொடுக்காத நாளில் வருகைக்கான காசு எப்படி வரும்?

கம்பனிகள் நாட்சம்பளத்தையே விட்டுவிட்டு வருமானப் பங்கீட்டுக்குப் போகலாம் என்கின்றன. ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு செடி என்று பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கிலோ விலைக்கு வாங்குவது. நாட்டின் தேயிலையில் ஏறக்குறைய முக்கால் பங்கைத் தருபவர்கள் சிறு தோட்டக்காரர்கள். ஏல விலையில் 68 சதவீதம் கொழுந்து தந்தவருக்கு என்ற கணக்கு அவர்களுக்கு உண்டு. தன் செடி என்ற பிடிப்பு வந்தால் பராமரிப்புக் கூடும் என்பதை நானும் நம்புகிறேன். ஆனால் காலி, மாத்தறையில் சிறு தோட்டக்காரருக்குச் சொந்தக் காணி இருக்கிறது. மலையகத்தாருக்கு லயத்தின் கூரைகூடச் சொந்தமில்லை. காணி உறுதி கொடுக்காமல் செடியை மட்டும் பிரித்துக் கொடுத்தால், சேமலாப நிதியும் பணிக்கொடையும் போய், வரட்சியின் நட்டமும் விலை வீழ்ச்சியின் நட்டமும் மட்டும் அவர் தலையில் விழும்.

ஆகவே சம்பள நிர்ணய சபை அடுத்த முறை கூடும்போது தொகையோடு நின்றுவிடக்கூடாது. ஒரு பேருக்கு எத்தனை கிலோ, எந்தப் பருவத்தில் எவ்வளவு, மாதத்துக்குக் குறைந்தது எத்தனை நாள் வேலை, நிறுவையில் எவ்வளவு கழிக்கலாம் என்பவையும் அதே வர்த்தமானியில் எழுதப்படவேண்டும். அரசு தரும் 200 ரூபாயும் காலப்போக்கில் கம்பனியின் பொறுப்பாகி, அடிப்படைச் சம்பளத்துக்குள் வரவேண்டும். முப்பது வருடம் மலை ஏறிய ஒரு பெண்ணுக்குப் பணிக்கொடை 420 நாள் சம்பளம். அந்த 200 ரூபாய் அடிப்படையில் இருந்தால் அவர் 84,000 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு ஓய்வுபெறுவார். வெறும் வருகைக் கொடுப்பனவாகவே இருந்தால், அதில் ஒரு சதமும் அவருக்குக் கிடைக்காது.