சிட்டுக்குருவிப் பெட்டிக்கு வாசல் ஏன் சின்னது?

ஓட்டு வீடுகளின் உத்தரச் சந்துகளும் சுவர்ப் பொந்துகளும் கான்கிரீட் வீடுகளில் இல்லை. சிட்டுக்குருவி மரத்தைக் கொத்திப் பொந்து குடையாது. கிடைத்த இடுக்கில் வைக்கோலை அடைத்துக் குடியேறும். அந்த இடுக்கைத்தான் பெட்டியாகச் செய்து தருகிறோம்.

சூட்சுமம் வாசலில் இருக்கிறது. வட்டத்தின் விட்டம் 32 மில்லிமீட்டர் இருந்தால் குருவி நுழையும், மைனா நுழையாது. பெரிதாக்கினால் மைனா பெட்டியையே பிடித்துக்கொள்ளும். வாசலுக்கு 12 சென்டிமீட்டராவது கீழே அடிப்பலகை இருக்கட்டும். பூனையின் கைக்குக் குஞ்சு எளிதில் எட்டாது. வாசலடியில் குச்சி செருகிய பெட்டிகள் கடையில் அழகாகத் தெரியும். வேண்டாம். விளிம்பைப் பற்றி நுழையக் குருவிக்குத் தெரியும். குச்சி உதவுவது அதைத் தின்ன வருபவற்றுக்கே.

நம் ஊர் வெயிலுக்குத் தகரம் கூடவே கூடாது. குஞ்சுகள் உள்ளேயே வெந்துபோகும். ஒன்றரை சென்டிமீட்டர் கனமுள்ள பலகை வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். மேற்கு வெயில் படாத சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே மாட்டுங்கள். சூடான காற்று வெளியேறக் கூரையடியில் இரண்டு துளை, மழைநீர் வடியத் தளத்தில் நான்கு. உட்பக்கத்தை இழைக்காதீர்கள், அந்தச் சொரசொரப்பைப் பற்றித்தான் குஞ்சு வாசலுக்கு ஏறும்.

தானியம் தின்னும் குருவி, குஞ்சுக்கு ஊட்டுவது பெரும்பாலும் புழு பூச்சிகளை. தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்துவிட்டுப் பெட்டி மாட்டிப் பயனில்லை.