எலும்புக்கு அவசரம் தெரியாது

பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு இன்னும் சில வாரங்கள்தான் என்றானதும் கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துத் திடல்களில் விசில் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். விடுமுறை முழுக்கக் கைப்பேசியும் கையுமாக இருந்த பிள்ளை திடீரென்று தினமும் ஓடுகிறான். பத்து நாளில் வேகமும் கூடுகிறது. சிக்கல் அங்கேதான்.

இந்தத் தொடக்க வேகம் தசை வளர்ந்து வந்ததல்ல. இருக்கிற தசையிடமே கூடுதலாக வேலை வாங்க நரம்புகள் பழகிக்கொள்கின்றன, அவ்வளவுதான். மூச்சும் சில வாரங்களில் பழகிவிடும். தசையை எலும்போடு கட்டிவைத்திருக்கும் தசைநாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அவை உறுதிப்பட மாதக்கணக்காகும். எலும்பின் கதை இன்னும் விசித்திரம். சுமை கூடியதும் அது முதலில் தன்னையே அரித்துக்கொள்கிறது! பழைய பகுதியை அரித்தெடுக்கும் செல்கள் சுமார் மூன்று வாரத்தில் வேலையை முடித்துவிடும். புதிதாகக் கட்டும் செல்களுக்கோ மூன்று மாதம்கூட ஆகலாம். இடைப்பட்ட நாள்களில் அந்த இடம் முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். பையன் நன்றாக ஓடுகிறானே என்று நாம் இன்னும் இரண்டு சுற்றைக் கூட்டுவதும் அதே நாள்களில்தான். முன்னங்கால் எலும்பில் மயிரிழை விரிசல் விழுவது இப்படித்தான்.

பொறுத்திருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் மலேசிய ஓட்டக்காரர் டாக்டர் மணி ஜெகதீசனைப் பாருங்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஓடியபோது அவருக்கு வயது 16. பதக்கம் எதுவும் இல்லை. 1962இல் ஜாகர்த்தா ஆசிய விளையாட்டில் 200 மீட்டர் தங்கம். 1966இல் பாங்காக்கில் மூன்று தங்கம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அவர் 20.92 வினாடியில் ஓடிய 200 மீட்டர், 2017 வரை தேசியச் சாதனையாக நின்றது. கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்திலுள்ள மெக்சிகோ நகரின் மெல்லிய காற்று கொஞ்சம் கைகொடுத்திருக்கும். பிறவித் திறமையும் உண்டுதான். ஆனாலும் ரோமிலிருந்து அந்த ஓட்டத்துக்கு எட்டு ஆண்டுகள். நம்மில் பலர் ஒரு பருவத்துக்குமேல் பொறுப்பதில்லை.

சரி, எவ்வளவு கூட்டலாம்? வாரத்துக்குப் பத்து விழுக்காடு என்று பயிற்றுநர்கள் சொல்வதுண்டு. நெதர்லாந்தில் புதிதாக ஓட வந்தவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். முடிவு 2008இல் வெளிவந்தது. ஒரு குழு இந்தக் கணக்குப்படி 13 வாரமும், இன்னொன்று வழக்கமான முறையில் 8 வாரமும் பயிற்சி செய்தன. இரண்டிலுமே ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காயம். ஆக, விழுக்காட்டில் மந்திரம் ஏதும் இல்லை. பிள்ளை எப்படித் தூங்குகிறான், எங்கே வலிக்கிறது என்கிறான், இந்த ஆண்டு எவ்வளவு உயர்ந்திருக்கிறான் என்பதையெல்லாம் கவனிக்கிற பயிற்றுநரே நல்ல பயிற்றுநர் என்பேன். மளமளவென்று வளரும் வயதில் எலும்பு முதலில் நீள்கிறது, உறுதி பிறகுதான் வருகிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. முன்னங்கால் எலும்பில் ஒரே இடத்தை விரலால் அழுத்தும்போது பிள்ளை துடித்தால், தைலம் தேய்த்துத் திடலுக்கு அனுப்பாதீர்கள். ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றாலும் வலி நீடித்தால் மறுபடி போங்கள். புதிதாக விழுந்த விரிசல் முதல் சில வாரங்களில் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது.