39 வருஷ வெயிட்டிங் லிஸ்ட்!

கேம்பஸ் இன்டர்வியூ முடிஞ்சு நோட்டீஸ் போர்டுல லிஸ்ட் ஒட்டுவாங்க. மேலேர்ந்து கீழே ஒரு தடவை, கீழேர்ந்து மேலே ஒரு தடவை தேடியும் நம்ம பேரு இருக்காது. அன்னிக்கு ராத்திரி மெஸ் சாப்பாடு தொண்டையில இறங்குமா? எனக்கு இறங்கலை! அப்போ படிச்ச கதைதான் இது.

ஆள் பேரு பிரையன் ஸ்னிட்கர். அமெரிக்க பேஸ்பால் வீரர். அங்கே ஒவ்வொரு பெரிய டீமுக்கும் கீழே 'மைனர் லீக்' டீம்கள் உண்டு. சிங்கிள் ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று படி ஏறினால்தான் மேஜர் லீக். பாதிப் படியிலேயே நின்றுபோகிற பசங்கதான் அதிகம்.

ஸ்னிட்கரை டிராஃப்ட்டில் யாரும் எடுக்கவில்லை. 1977-ல் அட்லான்டா பிரேவ்ஸ் டீம் சேர்த்துக்கொண்டது. கேட்சராக நாலு சீசன்... மேஜர் லீக்கில் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. 1980-ல் கழற்றிவிட்டார்கள்!

அப்போ கைகொடுத்தவர் ஹேங்க் ஆரன். 755 ஹோம் ரன் அடித்த ஜாம்பவான். பிரேவ்ஸின் மைனர் லீக் டீம்களைக் கவனித்துக்கொண்டிருந்த அவர், 'கோச் ஆகிடு' என்று வழி காட்டினார்.

ஏணியும் பாம்பும்

1982-ல் ஆண்டர்சன் என்ற சின்ன ஊர் டீமுக்கு மேனேஜர் ஆனார். (பேஸ்பாலில் தலைமை கோச்சுக்கு அதுதான் பேரு!) அப்புறம் டர்ஹம், மேக்கன், மிர்ட்டில் பீச், ரிச்மண்ட் என ஊர் ஊராக பஸ் பயணம். நடுவில் மூணு தடவை மெயின் டீமுக்கு கோச்சாகக் கூப்பிட்டார்கள். மூணு தடவையும் திரும்ப மைனர் லீக்குக்கே அனுப்பினார்கள். கடைசியாக இறக்கியது 2013 சீசன் முடிந்ததும். நம்ம ஊர்ல ரிட்டயர் ஆகிற வயசு! மனுஷன் மூட்டையைக் கட்டிக்கொண்டு கீழே போய், மறுபடியும் சின்னப் பசங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

2016 மே. பிரேவ்ஸ் 9 வெற்றி, 28 தோல்வி என்று தரைமட்டம். மேனேஜரை நீக்கிவிட்டு, 'தற்காலிகமா பார்த்துக்கங்க' என்று ஸ்னிட்கரைக் கூப்பிட்டார்கள். வயசு 60. தற்காலிகம் நிரந்தரம் ஆச்சு. 2018-லிருந்து 2023 வரை தொடர்ந்து ஆறு டிவிஷன் பட்டம்!

க்ளைமாக்ஸ் 2021. வேர்ல்டு சீரிஸ் ஃபைனலில் எதிர் டீம் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ். அங்கே பேட்டிங் கோச் யார் தெரியுமா? ஸ்னிட்கரின் மகன் ட்ராய்! அப்பா டீம் 4-2 என்று ஜெயித்தது. பிரேவ்ஸுக்கு 26 வருஷம் கழித்து வந்த கப். ஆனால், அதைப் பார்க்க ஹேங்க் ஆரன் இல்லை. அதே வருஷம் ஜனவரியில் போய்விட்டார். அவரோட ஜெர்சி நம்பர் 44. அந்த சீசனில் பிரேவ்ஸ் ஜெயித்தது ஆல்-ஸ்டார் பிரேக்குக்கு முன்னாடி 44 மேட்ச், பின்னாடி 44 மேட்ச்!

2025 சீசனோடு ஸ்னிட்கர் மேனேஜர் பதவியிலிருந்து விலகினார்.

வெயிட்டிங் லிஸ்ட்னு தலைப்பு வெச்சேன்ல... அது தப்புங்க. அவர் காத்துக்கிட்டு இருக்கலை. 2016-ல் அந்தக் கூப்பாடு வராமலே போயிருந்தாலும், 'எனக்கு பேஸ்பால் சொல்லிக்கொடுத்தவர்'னு சொல்ல ஊர் ஊரா பசங்க இருந்திருப்பாங்க. லிஸ்ட்ல பேரு இல்லாதப்பவும் அவருக்கு வேலை இருந்துச்சு. செஞ்சார்.

சரி, எனக்கு நாளைக்கு லேப் இருக்கு. ரெக்கார்டு நோட்டு எழுதணும்... வரட்டா?