போலி வசம்பு

கைக்குழந்தை உள்ள வீட்டில் வசம்பைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டார்கள். ‘பேர் சொல்லாதது’ என்பார்கள், ‘பிள்ளை வளர்ப்பான்’ என்பார்கள். அந்த வசம்புக்கு ஐரோப்பாவின் ஓடைக்கரைகளில் ஒரு போலி உண்டு. வாள்போல நிமிர்ந்த இலை, சேற்றில் படுத்தபடி ஓடும் கிழங்கு என்று எல்லாம் அச்சாக வசம்பேதான். இலையைக் கசக்கி முகர்ந்தால்தான் வித்தியாசம் தெரியும்: வசம்பு மணக்கும், இது மணக்காது. லின்னேயஸ் 1753இல் இதற்கு வைத்த பெயர் ‘ஐரிஸ் சூடகோரஸ்’. சூடகோரஸ் என்றால் போலி வசம்பு.

பூத்துவிட்டால் சந்தேகமே வராது. பளிச்சென்ற மஞ்சளில் மூன்று பெரிய இதழ்கள் தொங்கும்; அவற்றின் மேல் பழுப்பு நிறத்தில் மெல்லிய கோடுகள் ஓடும். இந்த அழகுக்காகவே உலகம் முழுக்கக் குளங்களில் கொண்டுபோய் நட்டார்கள். இது தண்ணீரைச் சுத்தம் செய்யும், மருந்தாகவும் ஆகும் என்று இப்போது பேச்சு. இரண்டுக்கும் உள்ள சான்று ஒரே எடை அல்ல.

தண்ணீர் விஷயத்தில் சான்று கெட்டியாக இருக்கிறது. 1950களில் ஜெர்மனியில் கேத்தே சைடல் என்ற தாவரவியலாளர் நீர்க்கரைச் செடிகளைக் கழிவுநீரில் வளர்த்துப் பார்க்கத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஜல்லிப் படுகையில் செடி நட்டு, வேர்களின் ஊடே கழிவுநீரை மெல்ல நகரவிடும் முறை. புதுச்சேரி அருகே ஆரோவில்லிலும் இந்த முறை நடப்பில் உள்ளது. ஐரோப்பாவிலும் சீனாவிலும் இத்தகைய படுகைகளில் நடும் செடிகளில் மஞ்சள் ஐரிஸும் ஒன்று.

அது எப்படி வேலை செய்கிறது? தாமரைத் தண்டை ஒடித்தால் உள்ளே துளை துளையாகத் தெரியுமே, அதுபோலக் காற்று போக வழி இதன் இலையிலும் வேரிலும் இருக்கிறது. இலை வழியே இறங்கும் காற்று, ஆக்சிஜனே இல்லாத சேற்றுக்குள் வேர்நுனிவரை போய், அங்கிருந்து கொஞ்சம் வெளியே கசிகிறது. வேரை ஒட்டிய அந்த மெல்லிய காற்றுப் படலத்தில் குடியேறும் பாக்டீரியாக்கள் கழிவிலுள்ள அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. சற்றுத் தள்ளி, காற்றில்லாத இடத்தில் இருக்கும் வேறு பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே அனுப்பிவிடுகின்றன. செடி கொடுப்பது குடியிருப்பு. வேலையில் பெரும்பங்கு பாக்டீரியாவினுடையது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. குளத்தங்கரையில் நாலு செடி வைத்தால் சாக்கடை தெளிந்துவிடாது. தண்ணீர் வேர்களுக்கிடையே சில நாளாவது தங்க வேண்டும், அதற்கேற்ற படுகை வேண்டும். இலையையும் அவ்வப்போது அறுத்து அப்புறப்படுத்த வேண்டும். அறுக்காமல் விட்டால் செடி எடுத்துக்கொண்ட பாஸ்பரஸ், இலை அழுகியதும் திரும்பத் தண்ணீருக்கே வந்துவிடும்.

ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற உலோகங்களையும் இது தாங்கிக்கொள்கிறது. எடுப்பதில் பெரும்பகுதியைக் கிழங்கிலும் வேரிலுமே வைத்துக்கொள்ளும். இலைக்கு ஏறுவது குறைவு. இலையைத் தின்னும் உயிர்களுக்கு அது நல்லது. ஆனால் மருந்துக்கென்று தோண்டுவதும் அந்தக் கிழங்கைத்தான். கழிவுநீரில் வளர்ந்த ஐரிஸைத் தோண்டி மருந்து காய்ச்சுவது எவ்வளவு விபரீதம் என்று சொல்லத் தேவையில்லை.

சுத்தமான நீரில் வளர்ந்தால் மட்டும் சரியா? ஐரோப்பிய நாட்டு வைத்தியத்தில் இந்தக் கிழங்கை வாந்தி எடுக்கவும், பேதிக்கும், பல்வலிக்கும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பச்சைக் கிழங்கு காரமான நஞ்சு. வயிற்றைப் புண்ணாக்கும், மேய்ந்த மாடுகளுக்குக் கழிச்சல் வரும், சாறு பட்டால் சிலருக்குத் தோல் எரியும். கிழங்கின் சாற்றில் ஐசோஃபிளவோன் வகைச் சேர்மங்கள் இருப்பதும், அது ஆய்வகத் தட்டில் சில கிருமிகளை அடக்குவதும் உண்மை. ஆனால் தட்டில் கிருமி சாவதற்கும் மனித உடம்பில் நோய் குணமாவதற்கும் இடையே வெகுதூரம். விலங்குகளிடம் சோதித்து, எவ்வளவு கொடுத்தால் நஞ்சாகும் என்று கண்டு, பிறகு மனிதர்களிடம் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அதை மருந்து என்று சொல்லலாம். மஞ்சள் ஐரிஸ் அந்தப் படிகளை ஏறி முடிக்கவில்லை.

இதன் உறவுச் செடி ஒன்று சற்று மேலே ஏறியிருக்கிறது. ஆரஞ்சு இதழில் சிவப்புப் புள்ளிகள் தெளித்த அந்த அழகுச்செடி, மரபணு ஆய்வுக்குப் பின் 2005இல் ஐரிஸ் இனத்தில் சேர்க்கப்பட்டது. தொண்டை வீக்கத்துக்கு என்று சீன அரசின் மருந்து நூலில் அதன் கிழங்கு இடம்பெற்றிருக்கிறது. அதன் குணத்தை மஞ்சள் ஐரிஸின் தலையில் ஏற்றிப் பேசுவதுதான் தவறு. அசல் வசம்பே கேள்விக்கு உட்பட்டதுதான்: அதிலுள்ள பீட்டா அசரோன் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால் 1968இல் அமெரிக்கா அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது.

இன்னொரு பிரச்சினை இதன் விடாப்பிடி. காற்றே இல்லாத சேற்றில் ஒரு மாதத்துக்கு மேலும் கிழங்கு சாகாமல் கிடக்கும். காய் வெடித்தால் உள்ளே தட்டையான பழுப்பு விதைகள் காசு அடுக்கியதுபோல இருக்கும். தோலுக்கடியில் காற்று இருப்பதால் மாதக்கணக்கில் மிதந்து போகும். வட அமெரிக்காவின் ஆற்றங்கரைகளை இப்படித்தான் பிடித்துக்கொண்டது. மாசசூசெட்ஸ், வாஷிங்டன் மாநிலங்களில் இதை விற்கவே தடை. அழகுக்கு என்று கொண்டுவந்த ஆகாயத்தாமரை நம் ஏரிகளை என்ன பாடு படுத்துகிறது என்று பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்? நம் ஊர்க் கழிவுநீர்ப் படுகைக்குச் சம்பும் நாணலும் போதும். பூவுக்காக ஆசைப்பட்டு மலை ஊர்களில் இதை வளர்ப்பவர்கள், வெளியே தண்ணீர் வழியாத தொட்டியில் வையுங்கள். காய் பிடிப்பதற்குள் கையுறை போட்டுக்கொண்டு பூந்தண்டை நறுக்கிவிடுங்கள்.