தேர் விளிம்பில் ஒரு நூல்

சித்திரைத் தேரன்று திருச்சியிலிருந்து காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வரும் கூட்டத்துக்குக் கண்ணெல்லாம் நம்பெருமாள் மீதுதான். தேரின் மர அடுக்குகளில் ஓடும் விளிம்பை யார் பார்க்கிறார்கள்?

தமிழ்நாட்டுத் தேர்களுக்கு இலுப்பை மரம் பேர் போனது. (கோயில் விளக்குக்கு எண்ணெய் தந்ததும் அதன் கொட்டைதான்!) தச்சர் பலகையில் கோடு கிழிப்பார். குழிவை, வாய் வளைந்த உளியைக் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டி எடுப்பார். மேட்டை இழைப்புளியால் சீவுவார். நார் ஓடும் திசையில் சீவினால் சுருள் சுருளாக வரும். எதிர்த்துச் சீவினாலோ சிலாம்பு பெயர்ந்துவிடும். அந்தப் பள்ளம் மறைய முழு விளிம்பையும் இறக்க வேண்டும். மூலையில் வந்து சேரும் அடுத்த பலகையும் சமமாக இறங்க வேண்டுமே! ஒரு நூல், அதாவது அங்குலத்தில் 8-இல் ஒரு பாகம் தவறினால், 4 பக்கப் பலகைக்கும் மறுபடி வேலை.