214 கோடியைத் தாண்டினால் 1901

2147483647. நம் கணக்கில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. 31 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் பகா எண் இது.

இதைப் பகா எண் என்று நிரூபித்தவர் கணித மேதை ஆய்லர். 1772-இல், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்ட நிலையில் நிரூபித்தார். வகுக்கும் எண்கள் இருந்தால், 46,340-க்குள் ஒன்றாவது இருந்தாக வேண்டும். அத்தனையையும் வகுத்துப் பார்க்க வேண்டாம். 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 வரும் எண்களே போதும் என்று கண்டார். வேலை 370 சொச்சம் எண்களாகச் சுருங்கியது. எதுவும் வகுக்கவில்லை.

தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் தானே வரும் எண் நிறைவெண். 6, 28 என்று போகும் அந்த வரிசையில் இதிலிருந்து பிறப்பது 2305843008139952128. இதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று 1811-இல் எழுதினார் ஆங்கிலக் கணித அறிஞர் பீட்டர் பார்லோ. பயனற்ற வேடிக்கைக்காக யார் மெனக்கெடுவார்கள் என்பது அவர் எண்ணம். ஆனால் 1876-இலேயே பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா, இன்னும் பெரிய நிறைவெண்ணைத் தரும் 39 இலக்கப் பகா எண்ணைப் பிடித்துவிட்டார். 2024-இல் கிடைத்ததோ 4 கோடி இலக்கங்களுக்கும் மேல்.

ஆனால், நம் வீட்டுக்குள் புகுந்திருப்பது அந்தப் பழைய பத்து இலக்க எண்தான். 32 பிட் கணினி, கூட்டல்-கழித்தல் குறிக்கு ஒரு பிட்டை ஒதுக்கிவிட்டால், எண்ணக்கூடிய உச்சம் இதுவே. 2014-இல் ஒரு கொரியப் பாடலின் வீடியோ பார்க்கப்பட்ட எண்ணிக்கை இந்த எல்லையை நெருங்க, பார்வைகளை எண்ணும் முறையை 64 பிட்டுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அந்தப் புதிய உச்சம் பகா எண்கூட அல்ல, ஏழால் வகுபடும்.

பாட்டோடு போனால் பரவாயில்லை. பல கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1-இலிருந்து வினாடி வினாடியாக எண்ணுகின்றன. அந்த எண்ணிக்கை 2147483647-ஐத் தொடுவது 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு. அடுத்த வினாடி, பழைய ஆட்டோ மீட்டர் பூஜ்யத்துக்குச் சுழல்வதுபோல், எண்ணிக்கை எதிர்மறைக்குக் குதிக்கும். 1970-இலிருந்து பின்னோக்கிப் போய், தேதி 1901 டிசம்பராகிவிடும்.

2000-ஆம் ஆண்டில் கணினிகளின் தேதி குழம்பும் என்ற பூச்சாண்டி புஸ்வாணமானதே என்பார்கள் சிலர். அது சும்மா அடங்கவில்லை, பெரும்பாலும் முன்கூட்டியே பழுது பார்த்ததால் அடங்கியது. புதிய கணினிகளும் கைப்பேசிகளும் பெரும்பாலும் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. என் கவலை அவற்றைப் பற்றியதல்ல. சுவரிலும் இயந்திரத்துக்குள்ளும் பொருத்திவிட்டு மறந்துபோகும் சின்னஞ்சிறு கருவிகளைப் பற்றியது. அவற்றுக்கு அப்டேட் போடுவார் யார்? இன்று மாட்டும் கருவி பன்னிரண்டு, பதினைந்து வருடம் உழைக்காதா?

அடுத்தமுறை கேமராவோ மீட்டரோ கட்டுப்பாட்டுப் பெட்டியோ வாங்கும்போது, விலையோடு இதையும் கேளுங்கள்: “2038-க்கு அப்புறமும் தேதி சரியாகக் காட்டுமா?” விற்பவர் விழித்தால், எழுதித் தரச் சொல்லுங்கள்.